புரோக்கர் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் கார் விற்க: ஆர்சி முதல் சாவி வரை

எட்டு வருடம் வைத்திருந்த ஃபியட் அபார்த் புன்ட்டோவைக் (சாதாரண புன்ட்டோவின் ஸ்போர்ட்ஸ் பதிப்பு) கோவையில் நானே விற்றேன். ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் என் சோம்பேறித்தனத்தால் வீணானது. மீதி நாட்களில் பாதி, வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வந்தவர்களுக்குப் போனது. உங்களிடம் போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், மினி கூப்பர் எஸ் என்று கொஞ்சம் வேகமான, அதிகம் கண்ணில் படாத வண்டி இருந்து, அதை ஒழுங்காகப் பராமரித்தும் இருந்தால் இது உங்களுக்குத்தான்.

ஏன் நானே விற்றேன் என்றால், பழைய கார் வாங்கும் கம்பெனி ஒன்று வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுச் சொன்ன விலை 3,10,000. அவர்கள் ஆப்பில் அபார்த் என்ற தேர்வே இல்லை, சாதாரண புன்ட்டோ என்றுதான் போட்டார்கள். 145 குதிரைத்திறன் உள்ள டர்போ இன்ஜினும், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கும் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. கடைசியில் எனக்குக் கிடைத்தது 6,15,000. ஆனால் ஒரு வாரத்தில் பணம் வேண்டும் என்ற அவசரம் இருந்தால் கம்பெனியிடமே கொடுத்துவிடுங்கள். நேரடி விற்பனைக்குப் பொறுமை வேண்டும்.

1. விளம்பரம் போடும் முன் பேப்பரைப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கார் கடனை 2021-இலேயே அடைத்துவிட்டேன். கடன் முடிந்ததற்கு வங்கி கொடுத்த என்ஓசியையும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து வங்கிப் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-ஐயும் வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி, ஆர்டிஓ பக்கம் போகவே இல்லை. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணை அடித்துப் பார்த்த முதல் ஆளே, “சார், எச்பி இன்னும் இருக்கே, லோன் பாக்கியா?” என்று கேட்டார். எச்பி என்றால் கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்சியில் பதிவாகி இருப்பது. அந்த என்ஓசிக்குக் காலக்கெடு உண்டு (பெரும்பாலும் மூன்று மாதம்) என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புதிதாக வாங்கப் போனால் கடன் கொடுத்த கிளையே வேறு இடத்துக்கு மாறியிருந்தது. வீணாய்ப் போனதாகச் சொன்ன மூன்று வாரம் இதுதான்.

அதனால் முதலில் எச்பி கேன்சல் செய்து, ஆர்சியில் வங்கிப் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்வார். செய்யலாம்தான். ஆனால் எச்பி இருக்கும் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

அடுத்தது மொபைல் எண். பரிவாகன் தளத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது விற்பவருக்கும் ஓடிபி வரும். வண்டி வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த பழைய எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! அதை முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

இ-சலானையும் பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் ஒன்றிரண்டு இருக்கும். எனக்கு இருந்தது ஒரு நோ பார்க்கிங், இரண்டு வருடப் பழையது. புகைச் சான்று தேதியையும் பார்த்துவிடுங்கள். பிஎஸ்4 மாசு விதிப்படி செய்த வண்டிக்கு ஒரு வருடம் செல்லும். இன்சூரன்ஸ் முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் புதுப்பித்துவிட்டு விற்பது நல்லது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூடக் கொடுக்க முடியாது.

2. சர்வீஸ் ஃபைல்தான் உங்கள் ஏஜென்ட்

சாதாரண காரை வாங்குபவர் கிலோமீட்டரைப் பார்ப்பார். இந்த மாதிரி வண்டியை வாங்குபவர் பில்லைப் பார்ப்பார். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்தியே பல வருடம் ஆகிவிட்டது. அதனால் என்னிடம் வந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டு பயம்தான்: ஸ்பேர் கிடைக்குமா, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

இந்த இன்ஜினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட்தான். அறுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். விவரம் தெரிந்தவர் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். “போன வருஷம் மாத்தினேன்” என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு 40,000 குறைத்துக் கேட்பார். பில்லைக் காட்டினால் அந்தப் பேச்சே எழாது. உங்கள் வண்டியில் இப்படி எல்லோரும் பயப்படும் ஒரு பாகம் இருக்கும், அது கிளட்ச் செட்டாகவும் இருக்கலாம், கியர்பாக்ஸை இயக்கும் மின்னணு அமைப்பான மெக்கட்ரானிக்ஸாகவும் இருக்கலாம். அது எது என்று தெரிந்துகொண்டு அதற்கான பில்லை மேலே வையுங்கள்.

பில் தொலைந்திருந்தால் சர்வீஸ் செய்த இடத்தில் வண்டி எண்ணைச் சொல்லி மறுபிரதி கேளுங்கள். வெளி மெக்கானிக் என்றால் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றையும் அவர் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். நான் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டு, முதல் பக்கத்தில் ஒரு தாளில் சுருக்கமாக எழுதி வைத்தேன். வண்டியைக் கடைசியில் வாங்கிய பையன் அந்த ஃபோல்டரோடு இருபது நிமிடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தது ஐந்து நிமிடம்தான்.

3. எதைச் சரிசெய்வது, எதை விடுவது

ஆயில் சர்வீஸ், வீல் அலைன்மென்ட், உள்ளே வெளியே நல்ல சுத்தம், இவை போதும். எனக்கு எல்லாம் சேர்த்து 16,000 ஆனது. கீறலுக்காக முழு பேனலையும் பெயிண்ட் அடிக்காதீர்கள். இப்போது வருபவர்கள் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். திடீரென்று ஒரு கதவு மட்டும் 280 காட்டினால், விபத்தில் அடிபட்ட வண்டி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். என் வண்டியில் வலது பின் கதவு அப்படித்தான். அபார்ட்மென்ட் தூணில் உரசியதை டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்திருந்தேன். போனிலேயே அதைச் சொல்லிவிட்டதால் கருவி 280 காட்டியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் மாடிஃபிகேஷன். வெளி சைலன்ஸர், அகலமான டயர், ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) எல்லாம் உங்களுக்கு ஆசையாகச் செய்தது. வாங்குபவருக்கு அது தலைவலி. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. கிளெய்மின்போது இன்சூரன்ஸ்காரர்களுக்கும் அது ஒரு சாக்கு. பழைய பாகங்கள் இருந்தால் மாட்டிவிட்டு, கழற்றியதைத் தனியாக விற்றுவிடுங்கள், காசு கூடவே கிடைக்கும். ரீமேப் செய்திருந்தால் மறைக்காதீர்கள். மறைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து டர்போ போனால் போன் உங்களுக்குத்தான் வரும்.

4. விலை

ஆன்லைனில் கிடக்கும் விலையெல்லாம் கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. அதே மாடல் விளம்பரங்களை மூன்று வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். காணாமல் போனவை விற்றிருக்க வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் அப்படியே கிடப்பவை அதிக விலைக்குக் கேட்பவை. எனக்கு 5,80,000 முதல் 6,50,000 வரை என்று ஒரு கணக்கு கிடைத்தது. 6,75,000 என்று போட்டேன், 6,00,000-க்குக் கீழே இல்லை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் கடைசி விலையை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். பார்க்க வந்தவருக்குக் காபி கொடுத்தபடியே அப்பா என் கடைசி விலையைச் சொல்லிவிடப் பார்த்தார்!

மாதத்தையும் பாருங்கள். நான் ஆடியில் விளம்பரம் போட்டேன். பார்க்க வந்தார்கள், ஓட்டினார்கள், “ஆடி கழியட்டுங்க” என்று போனார்கள். ஆவணி பிறந்த நான்காம் நாள் அட்வான்ஸ் வந்தது. மார்கழியும் அப்படித்தான். தை நல்ல மாதம்.

5. படமும் விளம்பரமும்

காலை ஆறரை மணி வெயிலில், பின்னால் குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில் படம் எடுங்கள். அழகான படங்களோடு அழகில்லாத படங்களும் வேண்டும்: கீறல், அலாய் வீலில் உரசல், ஸ்டியரிங் தோல் தேய்ந்த இடம், ஓடோமீட்டர், டயரின் தேதி. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். ஆர்சி, சேஸிஸ் எண் எதையும் படமாகப் போட வேண்டாம், நேரில் காட்டினால் போதும்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

“அபார்த் புன்ட்டோ, 2016 மாடல், முதல் ஓனர், 58,400 கி.மீ. எல்லா சர்வீஸ் பில்லும் இருக்கிறது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 52,000-இல் மாற்றியது. வலது பின் கதவு ரீபெயிண்ட். மாடிஃபிகேஷன் இல்லை. இரண்டு சாவி. எச்பி இல்லை. வண்டி கோவையில். 6,75,000, நேரில் பார்த்த பின் பேசலாம்.”

“டாக்டர் ஓட்டிய வண்டி”, “சிங்கிள் ஹேண்ட், ஷோரூம் கண்டிஷன்” எல்லாம் எழுதாதீர்கள். அதைப் படிக்கும் யாரும் நம்புவதில்லை.

6. போனில் வடிகட்டுங்கள்

முதல் வாரம் வரும் அழைப்பில் பத்துக்கு ஏழு வீண். “லாஸ்ட் பிரைஸ் என்ன?” என்று ஆரம்பிப்பவர் பெரும்பாலும் புரோக்கர். பதிலுக்கு நான் ஒரே கேள்வி கேட்பேன்: “இந்த வண்டியை முன்னால ஓட்டியிருக்கீங்களா?” நிஜமாக வாங்க நினைப்பவர் அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேசுவார். இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பற்றிக் கேட்பார். 2023-க்கு முந்தைய வண்டி என்றால் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். நீங்கள் எந்தப் பெட்ரோல் போடுகிறீர்கள், இதுவரை ஏதாவது தொந்தரவு வந்ததா என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஒரு மோசடி மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ பின் நம்பரைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். பணம் வாங்க யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை.

7. ஓட்டிப் பார்க்க வருபவர்கள்

ஸ்போர்ட்ஸ் கார் விற்பதில் பெரிய தொல்லை இதுதான். இலவசமாக ஒரு ரவுண்டு அடிக்கக் கூட்டமே வரும். நான் வைத்த விதிகள்: முதலில் நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்காருவார். பேப்பர் எல்லாம் பார்த்து, விலையும் ஓரளவு ஒத்துவந்த பிறகுதான் சாவி. ஒரிஜினல் லைசென்ஸைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், விபத்தானால் இன்சூரன்ஸும் சிக்கல். வழியை நான்தான் சொல்வேன். கொஞ்சம் குண்டும் குழியும், ஒரு ஏற்றம், ஒரு நீள நேர்ச்சாலை, ஆறேழு கிலோமீட்டர் போதும்.

அவர் வரும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். விவரமானவர் வந்ததும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்கிறீர்கள் என்று நினைப்பார். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் விரட்டுகிற ஆளாக இருந்தால் அங்கேயே இறங்கச் சொல்லுங்கள். டர்போவுக்கு ஆயில் சூடாக நேரம் வேண்டும் என்பது தெரியாதவர் இந்த வண்டியை வாங்கப் போவதில்லை.

அவருடைய மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றால் சரி என்று சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். அந்தச் செலவு அவருடையது.

8. அட்வான்ஸும் பணமும்

அட்வான்ஸ் 10,000-க்குக் குறைந்தால் அது அட்வான்ஸே இல்லை. எத்தனை நாளில் மீதி, வாங்காமல் போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அவரிடம் “ஓகே” வாங்குங்கள்.

ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அந்தத் தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. நாலு தடவையாகப் பிரித்து வாங்கினாலும் கார் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான்.

ஆர்டிஜிஎஸ் நல்லது. 2 லட்சத்துக்கு மேல் எவ்வளவும் அனுப்பலாம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும். எஸ்எம்எஸ்ஸையோ அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பாமல், உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். டிடி கொண்டுவந்தால் அதைக் கொடுத்த கிளைக்கு அவரோடு போய் உறுதி செய்த பிறகுதான் சாவி. அவர் கடன் வாங்கித்தான் எடுக்கிறார் என்றால் அட்வான்ஸுக்கு முன்பே வங்கியில் பேசச் சொல்லுங்கள். பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும்.

வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டிய வண்டி என்றால் ஆடிட்டரைக் கேளுங்கள்.

9. பெயர் மாற்றம்: இதில் மட்டும் தாராளம் வேண்டாம்

பல வருடம் முன்பு என் பழைய காரை ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். நிரப்பாத ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார், “பார்ட்டி வந்ததும் மாத்திடுவோம் தம்பி.” இரண்டு வருடம் கழித்து ஒரு மாவட்டத்திலிருந்து போலீஸ் போன். வண்டி அதற்குள் மூன்று கை மாறியிருந்தது, ஆர்சியில் மட்டும் நான். நல்லவேளை, அது சின்ன உரசல்தான். பல கை மாறிப் போன ஒரு கார் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே நிரப்பாத ஃபார்மில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதிய பிறகு போடுங்கள். ஃபார்ம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு, இரண்டு பிரதி. ஃபார்ம் 30 வாங்குபவரின் விண்ணப்பம், அதிலும் உங்கள் கையெழுத்து உண்டு. கூடவே ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் ஆதார், பான் நகல். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். வாங்குபவர் பாலக்காடு, பெங்களூரு என்று வெளிமாநிலமானால் ஃபார்ம் 28-இல் ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்க வேண்டும், அங்கே சாலை வரியும் கட்ட வேண்டியிருக்கும். அதைப் பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் உங்கள் விலையில் கழிப்பார்.

அரசுக் கட்டணம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் ஆயிரங்களில் கேட்பார். யார் கட்டுவது என்று முதலிலேயே பேசுங்கள், வழக்கமாக வாங்குபவர்தான்.

நாங்கள் செய்தது இப்படி. முழுப் பணமும் கணக்கில் வந்ததும் என் வீட்டு மேஜையிலேயே லேப்டாப்பை வைத்து ஆன்லைன் விண்ணப்பத்தை முடித்தோம், இருவருக்கும் ஓடிபி வந்தது. அதன் மேல் 10,000 ரூபாயை அந்தப் பையன் என்னிடம் டெபாசிட்டாக விட்டுப் போனான், பெயர் மாறியதும் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். இருவரும் ஒரே ஆர்டிஓ எல்லை என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. தமிழ்நாட்டில் 2024-லிருந்து புது ஆர்சி கையில் கிடைப்பதில்லை, ஸ்பீட் போஸ்ட்டில் அவர் முகவரிக்குத்தான் போகும். அதனால் ஆப்பில் வண்டி எண்ணை அடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

10. சாவி கொடுக்கும் நாளும் அடுத்த நாளும்

டெலிவரி நோட் எழுதாமல் சாவி கொடுக்காதீர்கள். தேதி, மணி, ஓடோமீட்டர், தொகை, “இந்த நேரம் முதல் அபராதம், விபத்து, வழக்கு அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு” என்ற வரி, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. இது ஆர்சிக்கு மாற்று ஆகாது. ஆனால் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான். வண்டி பக்கத்தில் இருவரும் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக்கை அன்றே மூடுங்கள். நான் மறந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் ஒலித்தது: விஜயமங்கலம் டோல். ஒரு மணி நேரம் கழித்து வைகுந்தம். பையன் ஏற்காடு மலைக்கு வண்டியை எடுத்துப் போகிறான் என்று என் ஃபாஸ்டேக் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பணத்தை ஜிபேயில் அனுப்பினான், எல்லோரும் அனுப்ப மாட்டார்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு போய்விடும், ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு பெயர் மாறாமல் அவருக்குக் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுடையது, வண்டியுடையது அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் டெலிவரி நோட், ஃபார்ம் 29 நகல் கொடுத்து போனஸுக்கான சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அது செல்லும். என் போனஸ் 50 சதவீதம், புது வண்டியின் பிரீமியத்தில் நல்ல தொகை மிச்சமானது.

பதினெட்டாம் நாள் ஆப்பில் அவன் பெயர் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து டெலிவரி நோட்டோடு வைத்தேன், அவனுடைய 10,000-ஐத் திருப்பி அனுப்பினேன்.